வயித்துப் பூச்சிக்கு நாட்டு மருந்தா, மாத்திரையா? அன்றே விடை தேடிய ராம்நாத் சோப்ரா யார்?

குழந்தைக்கு வயித்துல பூச்சின்னு தெரிஞ்சா, ஒரு வீட்டில் வேப்பங்கொழுந்து அரைப்பாங்க. பக்கத்து வீட்டில் மாத்திரை வாங்குவாங்க. எது சரி? இந்த மாதிரி கேள்விகளை ஆய்வகத்துக்குள் கொண்டுபோனவர் சர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர்.

யார் இவர்?

1882-ல், இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். லாகூரில் படித்துவிட்டு, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். 1908-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியர் ஆனார்.

புழு மருந்தில் என்ன சிக்கல்?

அப்போது கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி, உழைக்கும் மக்களைச் சோகையில் தள்ளிக்கொண்டிருந்தது. இருந்த மருந்துகளும் ஆபத்தானவை. செடியிலிருந்து எடுக்கும் கீனோபோடியம் எண்ணெய் புழுவைக் கொல்லும். அளவு மிஞ்சினால் ஆளையும் கொல்லும். உருண்டைப்புழுவுக்குக் கொடுத்த சான்டோனினும் செடிச் சரக்குதான். அளவு கூடினால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். ரசாயனமான கார்பன் டெட்ராகுளோரைடோ கல்லீரலைக் கெடுக்கும்.

மூலிகைன்னா பாதுகாப்பு, ரசாயனம்னா விஷம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. 1928-ல் ஆசா சாண்ட்லருடன் சேர்ந்து புழுநீக்கி மருந்துகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார் சோப்ரா. 1933-ல் வந்த அவரது நாட்டு மருந்து நூலில் வாய்விளங்கமும் புரசு விதையும் இடம்பெற்றன. ஒரு மூலிகையில் வேலை செய்யும் பொருள் எது, எவ்வளவு கொடுக்கணும் என்பதுதான் அவரது தேடல்.

நாட்டு மருந்துக்கு எதிரியா?

இல்லவே இல்லை. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை ஆய்வில் காட்டியவர்களில் அவரும் ஒருவர். 1930-ல் அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழுவுக்கும் அவரே தலைவர். அந்தக் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்துதான் 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. 1973-ல் ஸ்ரீநகரில் காலமானார்.

இன்று நமக்கு என்ன?

தேசிய குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல், 2 வயது தாண்டியவர்களுக்கு 400 மி.கி., 1 முதல் 2 வயது வரை அதில் பாதி. இந்த அளவு சோதித்து முடிவு செய்யப்பட்டது. வீட்டில் அரைத்து உருட்டுற உருண்டைக்குள்ள மருந்து எவ்வளவு இருக்குன்னு அரைச்சவங்களுக்கே தெரியாது. சோப்ரா அன்று தேடியது அந்த அளவைத்தான்.