வலவனும் தச்சனும்

எங்கள் பாடசாலைகளில் ஆண்டுதோறும் மெய்வல்லுநர் போட்டி நடைபெறுகின்றது. ஓடுவோரும் பாய்வோரும் எறிவோரும் அங்கே மெய்வல்லுநர். மோட்டார்ப் பந்தயத்தில் வண்டி செலுத்துவோரும் அப்பெயருக்கு உரியரோ என்று வரக்காப்பொலையில் என் மாணாக்கர் சிலர் வழக்கிட்டனர். ஓடுவது இயந்திரம், அமர்ந்திருப்பவனுக்கு என்ன வல்லமை என்பது ஒரு சாராரின் கட்சி. விடையாக நான் கூறியது கோயம்புத்தூர்க் கரிவரதனின் வரலாறு.

நெசவாலைத் தொழிலிற் புகழ்பெற்ற இலட்சுமி மில் குடும்பத்தில் 1954 இல் தோன்றியவர் அவர். செல்வத்துக்குக் குறைவில்லை. எனினும் அவர் உள்ளம் பந்தய வண்டியையே நாடிற்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையே அந்நாளிற் பந்தயக் களம். அங்கே அவர் வண்டி செலுத்தி வெற்றிகள் பல பெற்றார்.

சங்கச் செய்யுட்களில் தேர் செலுத்துவோனுக்கு வலவன் என்று பெயர். தலைவன் வேறு, வலவன் வேறு. தேர் செய்த தச்சனோ இவ்விருவரின் வேறானவன். கரிவரதனிடம் இம்மூவரும் ஒருங்கே அமைந்தனர். அயல்நாட்டுப் பந்தய வண்டி இந்தியாவில் எளிதிற் கிட்டாத காலம் அது. ஆதலின் தாமே வண்டி சமைத்தார். மாருதி 800 காரின் சிறிய இயந்திரத்தைப் பொருத்தி அவர் உருவாக்கிய பார்முலா மாருதி வண்டிகள் 1988 இற் களமிறங்கின. விலை குறைவு, வண்டிகள் யாவும் ஒரே வகையின. அவ்வாறாயின் முந்துவோனை முந்தச் செய்தது எது? வண்டியன்று, அவன் கண்ணும் கையும் நெஞ்சுரமுமே. மாணாக்கரின் வழக்குக்கு இதனினுஞ் சிறந்த சான்று எனக்குத் தோன்றவில்லை.

மெய்யின் உழைப்பும் சிறிதன்று. பார்முலா ஒன் பந்தயத்தில், விரைந்து வளைவிலே திரும்புங்கால் உடல் தன் எடையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு விசையைத் தாங்கும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து 7 கிலோ என்று கொண்டால் கழுத்துக்கு அது 35 கிலோச் சுமையாகும். இதயமோ நிமிடத்துக்கு 160 முறைக்கு மேல் துடிக்கும். வியர்வையால் இரண்டு மூன்று கிலோ எடை குறைதலும் உண்டு. கரிவரதனின் சிறு வண்டிகளில் இவ்வளவு விசை இல்லையாயினும் தமிழகத்து வெயில் அக்குறையை ஓரளவு நிரப்பியிருக்கும்!

1995 ஆகஸ்டில், தமது 41 ஆம் வயதில், வானூர்தி விபத்தொன்றில் அவர் மாண்டார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலுள்ள பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பார்முலா மாருதியிற் பழகிய அவ்வூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005 இல் பார்முலா ஒன் களம் கண்ட முதல் இந்தியரானார். விளையாட்டு வீரர்க்கு இந்திய அரசு வழங்கும் அர்ச்சுனா விருது மோட்டார்ப் பந்தய வீரர் ஒருவருக்கு முதன்முதலாகக் கிட்டியது 2019 இல். பெற்றவர் கௌரவ் கில். அப்போது கரிவரதன் மறைந்து 24 ஆண்டுகள் கழிந்திருந்தன.