ஸ்டாக் என்னும் விளையாட்டாசான்

கல்வியையும் விளையாட்டையும் ஒரே நுகத்திற் பூட்டிய இரண்டு காளைகளுக்கு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்து நடக்குங்கால் வண்டி இனிது செல்லும். ஒன்று வலுத்து மற்றொன்றை இழுக்கத் தலைப்படின் வழி தவறும். அவ்வேளையில் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்பதே வினா. அமெரிக்க நாட்டுக் கலாசாலைகள் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவோடு போராடி வருகின்றன. அப்போராட்டத்தின் நடுவில் எழுபது ஆண்டுகள் நின்றவர் ஆமோஸ் அலான்ஸோ ஸ்டாக் என்பார். அவர் வரலாற்றை நம் மாணவர்க்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தெனக் கருதி ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ஸ்டாக் 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் நியூ ஜெர்ஸி மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. ஆயினும் சமய குருவாக வேண்டும் என்னும் அவா ஸ்டாக்கின் உள்ளத்திற் குடிகொண்டிருந்தது. பற்பல வேலைகள் செய்து ஈட்டிய சிறு பொருளுடன் யேல் பல்கலைக்கழகம் சேர்ந்தார். குளிர்காலத்தும் கணப்பில்லாத மேன்மாடத்து அறையில் உறைந்தார். உணவிற்குச் செலவிடப் போதிய காசின்றி உடல் நலிவுற்றதும் உண்டு.

இத்தகைய வறுமையிலும் அவர் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிவதில் நாடறிந்த வீரரானார். தொழின்முறைக் குழுவினர் பெரும்பொருள் தருவதாக அழைத்தனர். அவ்வாட்டம் மதுக்கடைகளோடு பிணைந்து கிடந்தமையால் அவர் இசைந்திலர். விளையாட்டு விற்பனைப் பொருளன்று என்னும் கொள்கை அன்றே அவருள் வேரூன்றியது. அமெரிக்கக் கால்பந்திலும் அவர் தேர்ந்தார். நாம் ஆடும் கால்பந்து வேறு, அது வேறு. பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், ஓடுபவனைப் பற்றி வீழ்த்துவதுமே அதன் இயல்பு. 1889-இல் நாடு முழுவதிலுமிருந்து சிறந்த பதினொருவரை முதன்முறையாகத் தெரிந்தெடுத்தபோது ஸ்டாக்கின் பெயரும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. ஸ்டாக் 1888-இலேயே பட்டம் பெற்றுவிட்டார். பின்னர் இறையியல் பயின்றுகொண்டே கல்லூரிக் குழுவில் ஆடினார். அதனைத் தடுக்கும் விதியொன்றும் அந்நாளில் இல்லை. யார் மாணவர், யார் ஆடலாம், எத்துணை ஆண்டு ஆடலாம் என்பனவற்றையெல்லாம் ஆடுவோரே முடிவு செய்த காலம் அது.

பொதுமேடையிற் பேசும் ஆற்றல் தமக்குப் போதாதென உணர்ந்த ஸ்டாக் குருப்பணியை விடுத்து, உடற்பயிற்சியின் வாயிலாக இளைஞரைப் பண்படுத்தத் துணிந்தார். 1890-இல் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.ஸி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியை அடைந்தார். அங்கே உடனிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் கூடைப்பந்து ஆட்டத்தை வகுத்தார். அடுத்த மார்ச்சுத் திங்களில் ஆசிரியரும் மாணவரும் பலர் காண அதனை ஆடியபோது ஆசிரியர் குழு தோற்றது. அக்குழு பெற்ற ஒரே புள்ளியை ஈட்டியவர் ஸ்டாக். இப்பள்ளியின் மரபு நமக்கும் அயலன்று. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.ஸி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரிக்கு அடிகோலிய எச். ஸி. பக் அவர்கள் ஸ்பிரிங்பீல்டிற் பயின்று வந்தவரே.

1892-இல் சிகாகோ மாநகரில் புதிய பல்கலைக்கழகம் ஒன்று தோன்றியது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். யேலில் ஸ்டாக்குக்கு ஆசிரியராயிருந்த அவர் தம் மாணவரை அழைத்து உடற்பயிற்சித் துறைக்குத் தலைவராக்கினார். விளையாட்டு பயிற்றுபவருக்கு ஏனைய பேராசிரியரோடொப்ப நிலையான பதவியளித்தமை அதுகாறும் கேளாத புதுமை. முதலாண்டிற் குழுவுக்கு ஆள் போதாமையால் ஸ்டாக்கே மாணவரோடு களத்திலிறங்கி ஆடினார். மார்ஷல் பீல்டு என்னும் பெருவணிகர் உதவிய நிலத்தில் மாணவரும் ஆசானுமாக வேலியடித்தனர். அக்களமே பிற்காலத்தில் ஸ்டாக் பீல்டு எனப் பெயர் பெற்றது.

ஆட்டம் பெருகப் பெருகக் கேடும் பெருகியது. எக்கல்லூரியிலும் பாடம் கேளாதவர் கூலி பெற்று இன்று ஒரு குழுவிலும் நாளை மற்றொரு குழுவிலும் ஆடினர். ஆசிரியர்களோ பார்வையாளராய் நின்றனர். இந்நிலை பொறாத பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் 1895 ஜனவரி 11-ஆம் நாள் அண்டையிலிருந்த கல்லூரித் தலைவர்களைச் சிகாகோவிலே ஒன்று கூட்டினார். மெய்யாகவே பயில்கின்றவரும், பாடத்தில் பின்தங்காதவருமான மாணவரே ஆடத் தகுதியுடையர் என்பது அக்கூட்டத்தின் துணிபு.

மறு ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் ஆசிரியப் பிரதிநிதிகள் கூடிச் சங்கம் அமைத்தனர். சிகாகோ, இல்லினாய், மிச்சிகன், மின்னஸோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டியூ, விஸ்கான்ஸின் என்னும் ஏழும் அதன் உறுப்புகள். முதற் கூட்டத்திற்கு வந்திருந்த லேக் பாரஸ்டு கல்லூரி இதில் இல்லை. அவ்விடத்தை மிச்சிகன் பெற்றது. சங்கம் பிறக்குமுன்னரே அதன் உறுப்பினர் மாறத் தொடங்கினர் என்னலாம். மக்கள் அதனை வெஸ்டர்ன் கான்பரன்ஸ் என்று வழங்கினர். 1899-இல் இண்டியானாவும் அயோவாவும் சேர, ஏழு ஒன்பதாயிற்று.

அவ்வாண்டே ஸ்டாக்கின் குழு சங்கத்தின் வாகையைச் சூடியது. 1924-க்குள் கால்பந்தில் ஏழு முறை அவ்வெற்றி சிகாகோவுக்குக் கிடைத்தது. அவர் மது அருந்தார், புகை பிடியார், தீச்சொல் கூறார். சினம் எல்லை கடந்தால் பிழை செய்தவனைக் கழுதை என்பார். சினம் மேலும் மூளின் இரட்டைக் கழுதை என்பார். அதற்கு அப்பால் வசை அவர் நாவில் எழுந்ததில்லை. மனைவியார் ஸ்டெல்லா மாற்றார் ஆடுமிடம் சென்று அவர்தம் ஆட்ட முறைகளைக் குறித்துவந்து உதவினார்.

1905-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் ஐம்பத்தாறு ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகன் குழுவைச் சிகாகோ 2-0 என்ற கணக்கில் வென்றது. நகரமே களிப்பில் மூழ்கியது. ஆனால் அதே பருவத்தில் நாட்டின் பல பாகங்களில் இளைஞர் பலர் களத்திற் காயமுற்று மாண்டனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டே பெருங்கல்லூரிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேச நேர்ந்தது. ஹார்ப்பரும் 1906 ஜனவரியிற் காலமானார். அத்திங்களிலேயே, மிச்சிகன் தலைவர் ஏஞ்சல் விடுத்த அழைப்பின்மேல், சங்கத்துக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் கூடிக் கடுமையான விதிகளை வகுத்தனர். ஓராண்டில் ஐந்து ஆட்டமே ஆடலாம். ஒருவர் மூன்றாண்டே ஆடலாம். முதலாண்டு மாணவரும் பட்டம் பெற்றவரும் ஆடலாகாது. வீரர்க்கெனத் தனிப் பந்தி கூடாது. பயிற்றுபவர் பல்கலைக்கழகத்தின் முறையான ஆசிரியராயிருத்தல் வேண்டும்.

இறுதி விதி ஸ்டாக்கின் நிலையையே எல்லார்க்கும் முன்மாதிரியாக்கியது. பட்டதாரி ஆடலாகாதென்னும் விதியோ யேலில் அவர் செய்ததனையே தடுத்தது. மிச்சிகன் இக்கட்டுகளைப் பொறாது 1908-இல் விலகியது. 1912-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் சேர்ந்தது. கட்டுகள் சிறிது தளர்ந்த பின் 1917-இல் மிச்சிகன் மீண்டும் வந்தது. உறுப்பினர் பதின்மராயினமையின் பிக் டென், அதாவது பெரிய பத்து, என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. விதி மீறினாரைத் தண்டிக்கவும் சங்கம் அஞ்சவில்லை. ஆட்டக்காரர்க்கு மறைவாகப் பொருளுதவிய குற்றத்தின்மேல் 1929-இல் அயோவாவை விலக்கித் திருத்தம் கண்டபின் 1930-இல் மீளச் சேர்த்தது.

இனி, ஸ்டாக்கின் புகழைப் பாடுவதோடு அமைந்தால் நாம் உண்மையில் பாதியையே சொன்னவராவோம். 1902 முதல் அவர் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு ஓட்டப் பந்தயங்கள் நடத்திச் சிறந்த வீரரைச் சிகாகோவுக்கு ஈர்த்தார். அவ்வாறு வந்தோருட் சிலர் கல்வித் தகுதி குறைந்தும் அனுமதி பெற்றனர் என்பதைப் பல்கலைக்கழக ஏடுகளை ஆராய்ந்த பிற்கால ஆசிரியர் நிறுவியுள்ளனர். பணத்திற்கு ஆடேன் என்ற அவரது களத்தைச் சுற்றிப் பதினாயிரக்கணக்கானோர் சீட்டு வாங்கி அமரும் மாடங்கள் எழுந்தன. தூய்மையை விரும்பியவரும் அவரே. பெருக்கத்தை விரும்பியவரும் அவரே. இவ்விரண்டும் நெடுநாள் ஒருங்கிருத்தல் அரிது என்பதை அவர் வாழ்வே காட்டிற்று. இதனாற் பெருமை குன்றுமென்று நாம் கருதவில்லை. நல்லோர் கையிலும் கயிறு நழுவக்கூடும் என்பதே நாம் அறியவேண்டுவது.

1929-இல் ராபர்ட் ஹட்சின்ஸ் என்னும் முப்பது வயதினர் சிகாகோவுக்குத் தலைவரானார். பல்கலைக்கழகத்தின் உயிர் நூலறிவே என்பது அவர் கொள்கை. எழுபது வயது நிரம்பிய ஸ்டாக் விதிப்படி ஓய்வு பெறவேண்டும் என்றார். வேறு பணி அளிக்கப்பட்டும் ஸ்டாக் ஏற்றிலர். நாற்பத்தொரு பருவங்கள் உழைத்த களத்தை 1932-இன் ஆட்டப் பருவத்தோடு விட்டகன்று, கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிலிருந்த பசிபிக் கல்லூரியை அடைந்தார். பிறர் சாய்வு நாற்காலியை நாடும் பருவத்தில் அவர் புதிய குழுவொன்றைப் புதுக்கினார்.

ஈண்டு விதியின் விளையாட்டைக் காண்க. 1938-இல் பசிபிக் குழுவோடு சிகாகோவுக்கு மீண்டு வந்து, தம் பெயர் பொறித்த களத்திலேயே, தாம் வளர்த்த பல்கலைக்கழகத்தின் குழுவை 32-0 என்று தோற்கடித்தார். மறு ஆண்டு மிச்சிகன் சிகாகோவை 85-0 என்று வீழ்த்தியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே சிகாகோ கால்பந்தை நிறுத்தியது. ஆரவாரம் ஓய்ந்த அப்பார்வையாளர் மாடத்தின் அடியில், 1942 டிசம்பர் 2-ஆம் நாள், என்றிக்கோ பெர்மியும் அவர் தோழரும் அணுப் பிளவுத் தொடரை மனிதர் ஆளுகைக்குள் முதன்முதல் இயக்கினர். 1946-இல் சிகாகோ சங்கத்தினின்றே விலகியது. எனினும் 1958-இல் சங்கத்துப் பல்கலைக்கழகங்கள் கல்வித் துறையிற் கூட்டுறவுக் குழு ஒன்று அமைத்தபோது சிகாகோவும் உடன் சேர்ந்தது. களத்தைத் துறந்தது, கலையைத் துறக்கவில்லை.

ஸ்டாக்கோ ஓய்ந்தாரில்லை. 1943-இல், எண்பத்தொன்றாம் வயதில், அவ்வாண்டின் தலைசிறந்த பயிற்சியாசிரியர் எனப் பாராட்டப் பெற்றார். 1946-க்குப் பின் பென்ஸில்வேனியாவில் ஸஸ்குஹன்னா கல்லூரியிலே தம் மகனுக்குத் துணையாய் நின்று பயிற்றினார். மீண்டும் ஸ்டாக்டன் நகர் வந்து, 1960-இல் தொண்ணூற்றெட்டாம் வயதிலேதான் பணியினின்று நீங்கினார். எழுபதாண்டு உடன்வாழ்ந்த ஸ்டெல்லா அம்மையார் 1964-இல் மறைந்தார். 1965 மார்ச்சு 17-ஆம் நாள், நூற்றிரண்டாம் வயதில், ஸ்டாக்கும் இவ்வுலகை நீத்தார்.

சங்கம் அவருக்குப் பின்னும் வளர்ந்தது. சிகாகோ விட்ட இடத்தை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1949-இல் நிரப்பியது. 1990-இல் பென் ஸ்டேட் இடம்பெற்றது. பதினொன்றான பின்னும் பத்து என்னும் பெயர் மாறவில்லை. 2011-இல் நெப்ராஸ்காவும், 2014-இல் மேரிலாந்தும் ரட்கர்ஸும், 2024-இல் யு.ஸி.எல்.ஏ., தென் கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் என்னும் நான்கும் சேர, உறுப்பினர் தொகை பதினெட்டாயிற்று. முற்காலத்தில் ஓர் இரவு இரயிற் பயணத்தில் அடையத்தக்க அயற்கல்லூரிகளின் கூட்டம் இரு பெருங்கடல்களையும் தொட்டது. தொலைக்காட்சி தரும் பெரும்பொருளே இதற்குத் தலையாய காரணம். முதற் சங்கத்தை அழைத்தது ஆசிரியரின் கவலை. பிற்காலத்து விரிவை அழைத்தது வருவாய்.

ஸ்டாக் பிறந்த நியூ ஜெர்ஸியும், அவர் கண்மூடிய கலிபோர்னியாவும் 2024 முதல் அச்சங்கத்தின் எல்லைக்குள் அடங்கின. அவர் நாற்பத்தொரு பருவங்கள் உழைத்த சிகாகோ மட்டும் அதில் இல்லை. அப்பல்கலைக்கழகம் 1969-இல் கால்பந்தை மீளத் தொடங்கி, ஆட்டத்திற்கெனப் பொருளுதவி வழங்காத கல்லூரிகளோடு சிறிய அளவில் ஆடும் வழியை மேற்கொண்டது. அத்தகைய கல்லூரிகளின் கால்பந்து இறுதிப் போட்டி 1973 முதல் ஸ்டாக்கின் பெயரையே தாங்கியது. பெருங்களம் அவரைக் கடந்து சென்றது. சிறு களம் அவர் பெயரைக் காத்தது.

நம் கல்லூரிக் களத்தில் மாடங்களும் இல்லை, சீட்டு விற்பனையும் இல்லை. ஆயினும் வெற்றிக் கேடயத்தின் மேலுள்ள ஆசையால் வகுப்பை மறந்தவனுக்கு வருகைப் பதிவு அளிக்கும் சபலம் எக்கல்லூரிக்கும் புதியதன்று. அத்தகைய நாள் வருமாயின், 1895-இல் ஒரு கல்லூரித் தலைவர் கேட்ட எளிய கேள்வியை நாமும் கேட்போமாக: ஆடுகின்ற இவன் மெய்யாகவே நம் மாணவன்தானா? இக்கேள்வியைக் கேட்கும் துணிவு ஆசிரியரிடத்தும் அதற்கு விடையிறுக்கும் நேர்மை மாணவரிடத்தும் உள்ளவரை, கயிறு கையினின்று நழுவாது.