பல்வங்கர் பாலு

விளையாடுவோர்க்குப் பொருள் கொடுத்தல் தகுமோ என்னும் வினா நமது கலாசாலை விடுதியில் அடிக்கடி எழுந்து, விடை காணாமலே அடங்குவதொன்று. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் புன்செய்க் குடிகளிலிருந்து வரும் மாணாக்கர் சிலர்க்கு ஆட்டத்திறமை பற்றிக் கட்டணம் குறைக்கப்படுகின்றது. இதனைக் கூலியென்பார் சிலர்; உதவியென்பார் சிலர். இவ்வழக்கிற்குப் பயன்படுமென்றெண்ணி, கூலிக்குப் பந்தெறிந்து புகழ்பெற்ற ஒருவரது சரித்திரத்தை எழுதப் புகுந்தோம்.

பாலு 1876-ம் ஆண்டு தார்வாரில், தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்ட தோல்தொழிலாளர் குலத்திற் பிறந்தார். தந்தையார் பூனாவிற் படையைச் சார்ந்து ஊழியஞ் செய்தவர். பாலு முதலிற் பார்ஸிகளின் கிரிக்கெட் சங்கத்தில் மாதம் 3 ரூபாய்க்குக் களம் பெருக்கி உருளை இழுத்தார். பின்னர் 1892 வாக்கில் ஐரோப்பியரது பூனா சங்கத்திற் சேர, சம்பளம் 4 ரூபாயாயிற்று. களத்தைச் செப்பனிடுதல், வலை கட்டுதல் ஆகியவற்றோடு, துரைமார் பழகுதற்பொருட்டுப் பந்தெறிதலும் அவரது வேலையாயிற்று. மட்டை வீசுவதிற் பேர்பெற்ற கிரெய்க் துரை, தம்மை ஆட்டமிழக்கச் செய்யுந்தோறும் அவருக்கு எட்டணா கொடுத்தாரென்று சொல்லுவர். அவ்வெட்டணாவை இழிவென்று கூற எமக்கு மனம் வரவில்லை. நாள்தோறும் எறிந்தெறிந்தே அவ்விடக்கை வித்தை முற்றியது; கூலியின்றேல் ஓர் ஏழைச் சிறுவனுக்கு அத்துணைப் பயிற்சிக்கு ஓய்வேது? ஆனால், பந்தெறிய அழைத்த துரைமார் அவர் கையில் மட்டையைக் கொடுத்தாரல்லர். மட்டை பிடித்தல் கனவான்களுக்குரியது, எறிதல் ஊழியர்க்குரியது என்பது அவர்கள் துணிபு.

பூனா இந்துக்கள் ஐரோப்பியரை வெல்லும் வேட்கையால், தமக்குள் வாதாடிப் பின் அவரைத் தம் அணியிற் சேர்த்தனர். அவர் தொட்ட பந்தைக் களத்தில் எல்லாருந் தொட்டனர். இடைவேளையிலோ அவருக்குத் தேநீர் வெளியே, மண்கலத்தில், உணவும் தனியே. துரைமார் மட்டையை மறுத்தார்கள், நம்மவர் கோப்பையை மறுத்தார்கள். அவர் வாங்கிய 4 ரூபாய் இவ்விரண்டற்கும் காரணமன்று.

பின்னர்ப் பம்பாய் சென்று ரயில்வேயில் வேலை பெற்று, இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். 1906-ல் இந்துக்கள் ஐரோப்பியரை வென்றபொழுது அவ்வணியில் இருந்தவர். 1911-ல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணி பெரும்பாலும் தோற்றது. பாலுவோ 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அந்நாட்டில் அப்பொழுது ஊதியம் பெறும் ஆட்டக்காரரும் பெறாத கனவான்களும் வெவ்வேறு இனத்தாராகவே எண்ணப்பட்டனர். அப்பாகுபாடு 1962-ல்தான் கைவிடப்பட்டது. அமெரிக்கக் கலாசாலை வீரர் ஜிம் தார்ப் 1912 ஒலிம்பிக்கில் பெற்ற இரு பொற்பதக்கங்களும், முன்னர்ச் சில கோடைகளிற் சம்பளத்திற்குப் பேஸ்பால் ஆடினாரென்பது பற்றியே 1913-ல் பறிக்கப்பட்டன. அதே அமெரிக்காவில் 2025 முதல் கலாசாலைகளே தம் வீரர்க்கு நேராகப் பணம் கொடுக்கின்றன!

இந்துக்களின் அணித்தலைமை பாலுவுக்கு முறையாக வாய்க்கவில்லை. பெரும் பூசலுக்குப்பின் 1920-ல் துணைத்தலைமை கிட்டிற்று. 1923-ல் அவர் தம்பி விட்டல் தலைவரானார். 1932-ல் நமது சென்னை எம். ஸி. ராஜாவோடு பூனா ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். 1955-ல் பம்பாயிற் காலமானார். முதல்தர ஆட்டங்கள் 33-ல் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 179; கிரெய்க் துரையிடம் எட்டணா பெற்றவை அக்கணக்கிற் சேரா.