மூழ்கும் கப்பலில் இறுதிவரை போரிட்ட டெடி ஷீன்: 78 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த உயரிய விருது

ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் ‘விக்டோரியா கிராஸ்’ விருதாளரான டெடி ஷீன், 1923 டிசம்பர் 28-இல் டாஸ்மேனியாவின் லோயர் பாரிங்டனில் பிறந்தார். 1941-இல் கடற்படையில் இணைந்து, ‘ஆர்மிடேல்’ என்ற சிறிய பாதுகாப்புக் கப்பலில் பணியாற்றினார்.

1942 டிசம்பர் 1-இல் திமோர் அருகே ஜப்பானிய விமானங்கள் வீசிய டார்பிடோக்கள் அக்கப்பலைத் துளைத்தன. கப்பலைக் கைவிட உத்தரவிடப்பட்டது. கடலில் தத்தளித்தவர்களை விமானங்கள் சுடத் தொடங்கவே, காயமடைந்திருந்த 18 வயது ஷீன் தப்பிச் செல்லாமல், பீரங்கியுடன் தம்மைப் பிணைத்துக்கொண்டு கப்பல் மூழ்கும்வரை சுட்டார்.

கப்பலில் இருந்த 149 பேரில் 49 பேரே உயிர் பிழைத்தனர்.

அன்று போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டதே அவருக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம். குடும்பத்தினரின் நெடிய போராட்டத்துக்குப் பின், 2020-இல்தான் ‘விக்டோரியா கிராஸ்’ விருது வழங்கப்பட்டது.