துவாஸைத் தாண்டி கோல்ஃப் விளையாடப் போகிறீர்களா? மழையில் கோப்பை வாங்கிய பாப்வாவின் கதை இது

சனிக்கிழமை விடியற்காலையில் துவாஸ் சோதனைச்சாவடி வழியாக ஜொகூருக்குப் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது முன்னால் இருக்கும் கார்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பின்கண்ணாடி வழியாக நீளமான பைகள் தெரியும். உள்ளே இருப்பவை கோல்ஃப் மட்டைகள். பாலத்தைத் தாண்டி அரைமணி நேரம் ஓட்டினால் மைதானம், மதியம் சாப்பாடு, மாலை திரும்ப வீடு. இன்னும் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தால் பாத்தாம், பிந்தான்.

முன்பு துவாஸிலேயே ஒரு மைதானம் இருந்தது, தெரியுமா? தெங்கே நீர்த்தேக்கத்தை ஒட்டி இருந்த ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப். கோலாலம்பூர் அதிவேக ரயில் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்பட்டு, 2018ல் மூடப்பட்டது. 2021 தொடங்கியபோது அந்த ரயில் திட்டமே ரத்தாகிவிட்டது. அது வேறு கதை.

கோல்ஃப் என்றால் நம் வீடுகளில் இன்னமும் பெரிய முதலாளிகளின் விளையாட்டு என்ற நினைப்பு உண்டு. ஆனால் உங்கள் வயதில் இருக்கும் பலர் பயிற்சித் திடலில் ஒரு பக்கெட் பந்து வாங்கி அடித்துப் பார்க்கிறார்கள். ஏப்ரலில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ, ஜூனில் யூஎஸ் ஓப்பன், ஜூலையில் பிரிட்டனின் ஓப்பன் என்று நான்கு பெரிய போட்டிகளையும் விடாமல் பார்க்கிறார்கள். மாஸ்டர்ஸ் கடைசிச் சுற்று முடியும்போது இங்கே திங்கட்கிழமை காலை. எம்ஆர்டியில் நின்றுகொண்டே கைபேசியில் பார்ப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஓப்பன் போட்டியில் 1963ஆம் ஆண்டு 13ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கதை. ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போன இந்தியர்களின் வழியில் வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பெயர் பாப்வா சியூகோலம்.

யார் இந்த பாப்வா?

1928ல் டர்பன் நகரத்தில் பிறந்தார். டர்பன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை. கரும்புத் தோட்டங்களில் வேலை பார்க்க இந்தியாவிலிருந்து ஆள் ஏற்றிவந்த முதல் கப்பல் 1860ல் அங்கே போய்ச் சேர்ந்தது. அது புறப்பட்ட இடம் சென்னை. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழரும் தெலுங்கரும்.

பாப்வா குடும்பத்தின் வேர் வடஇந்தியாவில். அவருடைய முழுப்பெயர் சியூசங்கர். நம் காதுக்குப் பழக்கமான சிவசங்கர்தான், வெள்ளைக்கார குமாஸ்தாக்களின் பேனாவில் அப்படி ஆகிவிட்டது. டர்பனில் கவுண்டர்கள் கோவெண்டர் ஆனதும் முதலியார்கள் மூட்லி ஆனதும் இதே மாதிரிதான். பாப்வா என்பது வீட்டுச் செல்லப்பெயர். கடைசிவரை அதுவே நிலைத்தது.

பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. கடலோரத்தில் இருந்த பீச்வுட் கோல்ஃப் மைதானத்தில் கேடி வேலைக்குப் போனார். கேடி என்றால் விளையாடுபவரின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவர். இன்றைக்குப் பெரிய வீரர்களின் கேடிகள் நல்ல பணம் பார்க்கிறார்கள். அந்தக் காலத்து டர்பனில் அது இந்தியப் பையன்களுக்கும் ஆப்பிரிக்கப் பையன்களுக்கும் கிடைத்த சில்லறை வேலை, அவ்வளவுதான். மரக்கிளையில் செதுக்கிய குச்சிதான் பாப்வாவின் முதல் மட்டை.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால்தானோ என்னவோ, மட்டையைத் தலைகீழாகப் பிடித்தார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வலதுகைக்காரர் கோல்ஃப் மட்டையைப் பிடித்தால் இடதுகை மேலே, வலதுகை கீழே இருக்கும். கிரிக்கெட்டிலும் அப்படித்தான். பாப்வா வலதுகைக்காரர் மாதிரியே நிற்பார், ஆனால் வலதுகை மேலே, இடதுகை கீழே. வீட்டில் குடையை வைத்து முயன்று பாருங்களேன், மணிக்கட்டு சண்டைக்கு வரும். இதே பிடியை வைத்துக்கொண்டு பந்தை நேராகவும் தூரமாகவும் அனுப்பினார் என்பதுதான் அதிசயம். கோல்ஃப் உலகம் பிறகு அதற்கு அவருடைய பெயரையே வைத்தது. குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டும்போது மட்டும் இன்றைக்கும் பலர் இடதுகையைக் கீழே வைக்கிறார்கள். ஜோர்டன் ஸ்பீத் ஆடும்போது பாருங்கள், தெரியும்.

அலமாரியில் இருக்கும் ஓலே கிரீமும் ஒரு கோல்ஃப் பயணமும்

உங்கள் அம்மாவின் ஒப்பனை மேசையில் ஓலே இருக்கிறதா? அதை டர்பனில் உருவாக்கியவர் கிரஹாம் வுல்ஃப் என்ற வேதியியலாளர். அவருக்கு கோல்ஃப் பிடிக்கும். தன் பையைச் சுமந்த பாப்வாவின் ஆட்டம் அதைவிடப் பிடித்துப்போனது.

வெள்ளையர் அல்லாதவர்களுக்கு மட்டும் நடந்த போட்டிகளில் பாப்வா அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தார். பெரிய போட்டிகள் எல்லாம் வெள்ளையர்களுக்கு. 1959ல் வுல்ஃப் தன்னுடைய சொந்த விமானத்தில் அவரை பிரிட்டனுக்கு அழைத்துப் போனார். ஐரோப்பாவுக்கு முதல் பயணம். அந்தப் பயணத்திலேயே டச்சு ஓப்பன் பட்டத்தை பாப்வா வென்றார். 1960ல் மறுபடியும், 1964ல் மூன்றாவது முறையும்.

1959 கோடைக்காலத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே கோடையில் இன்னொரு தென்னாப்பிரிக்கர் ஸ்காட்லந்தின் மியூர்ஃபீல்டில் ஓப்பன் பட்டத்தை வென்றார். அவர் கேரி பிளேயர், வயது 23. ஒரே நாடு, ஒரே விளையாட்டு. ஊர் திரும்பியபிறகு ஒருவருக்கு எல்லா மைதானத்தின் கதவும் திறந்திருந்தது. இன்னொருவர் சொந்த ஊர்ப் போட்டியில் ஆடுவதற்கே போராட வேண்டியிருந்தது.

இது தென்னாப்பிரிக்காவில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் சங்கம், வெள்ளையர்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961ல்தான் நீக்கியது. மாஸ்டர்ஸில் முதல் கறுப்பின வீரர் ஆடியது 1975ல்.

அந்த மழை நாளில் என்ன நடந்தது?

1963 ஜனவரி. டர்பன் கன்ட்ரி கிளப்பில் நட்டால் ஓப்பன் போட்டி. பெரும் முயற்சிக்குப் பிறகு பாப்வாவுக்கு ஆட அனுமதி கிடைத்தது. மைதானத்தில் ஆடலாம், ஆனால் கிளப் கட்டடத்துக்குள் காலடி வைக்கக்கூடாது. எந்த இனத்தார் எங்கே இருக்கலாம், எங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதையெல்லாம் அப்போது சட்டம் முடிவுசெய்தது. உடை மாற்றும் அறை, உணவகம், எதுவும் அவருக்குக் கிடையாது. நான்கு சுற்று ஆட்டத்தில் மற்றவர்கள் நடுவில் உள்ளே போய் இளைப்பாறுவார்கள். இவருக்கு அதுவும் இல்லை.

ஜெயித்தது பாப்வா.

பரிசு கொடுக்கும் நேரத்தில் மழை. வெள்ளை ஆட்டக்காரர்களும் அவர்களுடைய விருந்தினர்களும் கட்டடத்துக்குள் இருந்தார்கள். வெற்றிபெற்றவர் வெளியே. கோப்பை மழையில், வெளியிலேயே அவர் கைக்கு வந்தது. அந்தப் படம் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. இனஒதுக்கல் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்கத் தேவையில்லாமல் ஒரே படம் சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்காவை உலக விளையாட்டிலிருந்து ஒதுக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களுக்கு அது பெரிய சான்றாக அமைந்தது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த ஜனவரிக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் நான் முதலில் சொன்ன ஓப்பன். இங்கிலாந்தின் ராயல் லிதம் மைதானம். பட்டத்தை வென்றவர் நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸ், பெரிய போட்டி ஒன்றை ஜெயித்த முதல் இடதுகைக்காரர். தலைகீழாக மட்டை பிடித்த பாப்வா 13ஆம் இடத்தில். சராசரி ரசிகருக்கு 13 என்பது பெரிய எண்ணாகத் தெரியாது. சொந்த நாட்டின் நல்ல மைதானங்களில் பயிற்சி செய்யவே முடியாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய எண் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் மட்டும் எப்படி இருந்தது?

நியாயமான கேள்வி. தேக்காவில் மீன்தலைக் கறி சாப்பிட ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் போவீர்கள் இல்லையா? அந்தப் பெயர் வரக் காரணமான குதிரைப் பந்தயத் திடலில்தான் 1891ல் சிங்கப்பூர் கோல்ஃப் கிளப் தொடங்கியது. ஃபேரர் பார்க் வட்டாரம். குதிரை ஓடாத நாள்களில் வெள்ளை அதிகாரிகளும் வணிகர்களும் பந்து அடித்தார்கள். 1924ல் அவர்கள் புக்கித் தீமா பக்கம் மாறிப்போனார்கள்.

எல்லா இனத்தாரும் சேரக்கூடிய ஐலண்ட் கிளப் மைதானம் திறந்தது 1932ல். இரண்டு மன்றங்களும் இணைந்து சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப் ஆனது 1963 ஜூலையில். பாப்வா மழையில் நின்ற அதே வருஷம்.

பிளேயரைத் தோற்கடித்ததற்குக் கிடைத்த பரிசு

1965ல் மறுபடியும் நட்டால் ஓப்பன். இந்த முறை களத்தில் கேரி பிளேயரும் இருந்தார். அந்த வருஷம்தான் அவர் யூஎஸ் ஓப்பனை வென்று, நான்கு பெரிய பட்டங்களையும் பெற்ற மூன்றாவது மனிதர் ஆனார். அப்படிப்பட்டவரைத் தாண்டி பாப்வா ஜெயித்தார்.

வேறு நாடாக இருந்தால் தெருவுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். அங்கே 1966ல் உள்நாட்டுப் போட்டிகளில் அவர் ஆடத் தடை வந்தது. கடப்பிதழையும் அரசாங்கம் பறித்துக்கொண்டது. கோல்ஃப் வீரருக்குக் கடப்பிதழ் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். ஐரோப்பா இல்லை, ஓப்பன் இல்லை, பரிசுப்பணம் இல்லை. 37, 38 வயது, ஆட்டம் இன்னும் கையில் இருந்த காலம். வேறு தொழில் தெரியாது, படிப்பும் கிடையாது. தோல்வி அல்ல, ஒரு உத்தரவு அவரை நிறுத்தியது.

எனக்கு இந்த இடம்தான் மழைப் படத்தைவிட அதிகமாக உறுத்துகிறது. படத்தில் அவர் கையில் கோப்பையாவது இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. வறுமையில் வாழ்ந்து, 1978ல், ஐம்பது வயது நிறைவதற்கு முன்பே காலமானார்.

இனஒதுக்கல் முடிந்தபிறகு வந்த அரசாங்கம், மறைந்த அவருக்கு இக்காமாங்கா என்ற தேசிய விருதை அளித்தது. 1963ல் அவருக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குப் பிற்காலத்தில் கிடைத்தது. பிஜியின் இந்திய வம்சாவளி வீரர் விஜய் சிங் 1998, 2000, 2004 என மூன்று பெரிய பட்டங்களை வென்றார். அவர் சிரமப்பட்ட காலத்தில் சபாவின் கெனிங்காவ் கிளப்பில் பயிற்றுநராக இருந்தார். நமக்குப் பக்கத்து ஊர்தான்.

டர்பனுக்கு கோல்ஃப் பயணம் போக முடியுமா?

முடியும். துவாஸ் பாலத்தைவிடக் கொஞ்சம் தூரம்! சிங்கப்பூரிலிருந்து ஜொகன்னஸ்பர்குக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் 11 மணி நேரம். அங்கிருந்து டர்பனுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மட்டைப் பையை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள், விமான நிலையத்தில் போய்ச் சொன்னால் செலவு கூடலாம். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். பாதி ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவ் டர்பன் இந்தியர்களின் கண்டுபிடிப்பு.

ஆடுவதற்கு இரண்டு மைதானங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கடலோரத்து டர்பன் கன்ட்ரி கிளப். தென்னாப்பிரிக்க ஓப்பன் பலமுறை நடந்த இடம். ஆட்டம் முடிந்ததும் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்து குளிர்ச்சியாக ஏதாவது குடிக்கலாம். இன்னொன்று நகரின் உள்பகுதியில், இந்தியர்கள் அதிகம் வாழும் வட்டாரத்தில் இருக்கும் பொது மைதானம். அதன் பெயர் பாப்வா சியூகோலம் கோல்ஃப் மைதானம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போனால் நல்லது. அங்கே அது குளிர்காலம், ஆனால் டர்பனில் இதமாகவே இருக்கும், மழையும் குறைவு. ஜனவரியில் போவதாக இருந்தால் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.