சத்தியத்தை நாடிய அகஸ்தீன்

கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவினோர் யாவரும் சத்தியத்தைப் புகழ்வர். ஆயின் தம்மைக் குறித்த சத்தியத்தைத் தாமே வெளியிட இசைவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஹிப்போ நகர் அத்தியட்சராய் விளங்கிய பரிசுத்த அகஸ்தீன். அவர்தம் வேதசாஸ்திர நுட்பங்களை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. பொய்யுரைத்துப் பொருளீட்டிய ஒருவர் மெய்யுரைக்கப் படிப்படியே கற்றுக்கொண்ட வரலாற்றையே கூறப்புகுகின்றோம்.

அகஸ்தீன் கி. பி. 354-ம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ந் தேதி வட ஆப்பிரிக்காவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இக்காலத்தில் அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என வழங்குகின்றது. அன்னையார் மோனிக்கா பக்தியிற் சிறந்தவர். கார்த்தேஜ் நகரிற் கல்வி பயின்ற அகஸ்தீன், 19-ம் வயதில் ரோம அறிஞர் சிசரோவின் நூலொன்றைப் படித்து மெய்ஞ்ஞானத்தில் வேட்கை கொண்டார். எனினும் அவ்வேட்கை அவரை மானிகேயர் சமயத்திற் சேர்த்தது. அதில் ஏறக்குறைய 9 ஆண்டுகள் நிலைத்திருந்தார். முறையாக மணஞ்செய்யாமலே ஒரு பெண்ணோடு வாழ்ந்து, ஓர் ஆண்மகவையும் பெற்றார்.

நாவன்மைக் கலையைக் கற்பிப்பதே அவர் தொழில். 384-ம் ஆண்டு மிலான் நகரில் அரசாங்க ஆசிரியர் பதவி கிடைத்தது. அங்கே பேரரசரைப் புகழ்ந்து சொற்பொழிவாற்றும் கடமை அவர்மேல் விழுந்தது. புகழுரையிற் பெரும்பகுதி பொய், கேட்போரும் அதனை அறிவர், அறிந்தும் பாராட்டுவர். இக்கவலையோடு தெருவிற் சென்றபோது, குடித்துக் களித்திருந்த பிச்சைக்காரன் ஒருவனைக் கண்டார். சில காசுகளால் அவன் பெற்ற களிப்பைத் தாம் இத்தனை பொய்யாலும் பெறவில்லையே என உடன்சென்ற நண்பரிடம் வருந்திக் கூறினார்.

அந்நகர அத்தியட்சர் அம்புரோசுவின் பிரசங்கங்கள் அவர் உள்ளத்தை அசைத்தன. 386-ம் ஆண்டு அவர் மனந்திரும்பித் தம் தொழிலைத் துறந்தார். 387-ம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகையில் அம்புரோசுவிடம் ஞானஸ்நானம் பெற்றார். மகனுக்காக நெடுநாள் கண்ணீர் சிந்திய மோனிக்கா அவ்வாண்டிலேயே உயிர்நீத்தார். அகஸ்தீன் தாயகம் திரும்பி, 391-ம் ஆண்டு ஹிப்போவில் குருவாகவும், சில ஆண்டுகளில் அத்தியட்சராகவும் அபிஷேகம் பெற்றார்.

உயர்பதவி எய்தினோர் பழைய குறைகளை மறைத்தல் உலக இயல்பு. அகஸ்தீனோ அத்தியட்சரான சில ஆண்டுகளுக்குள் தம் பாவ அறிக்கையை நூலாக வெளியிட்டார். சிறுவயதில் பேரிக்காய் திருடியதையும், உடன்வாழ்ந்த பெண்ணை அனுப்பிவிட்டதையும், உலகப் புகழை விரும்பியதையும் அதில் மறைக்காமற் கூறினார். தொனாத்தியர் என்னும் பகைக்கட்சியார் அவரது மானிகேயத் தொடர்பைச் சுட்டிப் பழித்தனர். அப்பழிக்கு அஞ்சி அவர் தம் நூலை மறைத்தாரல்லர்.

பொய்யைக் குறித்து அவர் இரு நூல்கள் இயற்றினார். முதலாவதில் பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, சமய போதனையிற் சொல்லும் பொய்யே கொடியது என்றார். தகாஸ்தேயில் முன்னர் அத்தியட்சராயிருந்த ஃபிர்முஸ் என்பாரை அதில் எடுத்துக்காட்டுகின்றார். தம்மிடம் அடைக்கலம் புகுந்தவனைச் சேவகர் தேடிவந்தபோது, ஃபிர்முஸ் பொய்யும் கூறவில்லை, அவனைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. வதைகளைத் தாங்கினார், முடிவில் பேரரசரிடமே அவனுக்கு மன்னிப்புப் பெற்றுத் தந்தார். 420-ம் ஆண்டையொட்டி எழுந்த இரண்டாம் நூலில், ஒளிந்து வாழும் பிரிசில்லியரைப் பிடிக்க அவர்களைப்போல் நடிக்கலாமோ என வினவியவருக்கு, பொய்யைப் பொய்யால் ஒழித்தல் ஆகாது என விடையளித்தார்.

இக்கொள்கைக்குத் தம் வீட்டிலேயே சோதனை வந்தது. அவருடன் வாழ்ந்த குருமார் தனிச்சொத்தைத் துறந்தவர் என்பதே சபையாரின் நம்பிக்கை. 425-ம் ஆண்டையொட்டி யனுவாரியு என்னும் குரு இறக்குந்தறுவாயில் தமக்குச் சொத்திருப்பதாக உயில் எழுதினார். மகனையும் மகளையும் விலக்கிச் சபைக்கே அதனை விட்டார். அகஸ்தீன் அப்பொருளை ஏற்க மறுத்தார். இழிவை மூடிமறைக்கவுமில்லை. சபையாரைக் கூட்டி நிகழ்ந்ததைக் கூறினார். பின்னர்க் குருமார் ஒவ்வொருவரின் சொத்துநிலையையும் மக்கள் முன் விளக்கினார். துறவு பூண்டவர்போல் நடிப்பதினும், சொத்துள்ளவர் அதனை வெளிப்படையாக வைத்துக்கொண்டு வேறிடத்தில் வாழ்வதே மேலென அவர் கருதினார்.

முதுமையில், 426, 427-ம் ஆண்டுகளில், தாம் இயற்றிய 93 நூல்களையும் மீண்டும் ஆராய்ந்து, தவறெனக் கண்டவற்றைத் தாமே திருத்தி எழுதிவைத்தார். 430-ம் ஆண்டு வந்தாலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது நோயுற்றார். மனந்திரும்புதலுக்குரிய சங்கீதங்களை எழுதுவித்துப் படுக்கையருகே சுவரிற் பதிப்பித்து, அவற்றைப் படித்துக் கண்ணீர் சிந்தினார். ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி உயிர்நீத்தார்.

விசுவாசிகளின் கூட்டத்திற் பக்திவேடம் பூணுதல் எளிது. அங்கே அதனை ஐயுறுவோர் குறைவு. ஆவிக்குரிய வளர்ச்சி என்பது குறைகளே இல்லாதவராய்த் தோன்றுதல் என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அகஸ்தீன் வளர வளர, அறிக்கையிட வேண்டியவை அவர் கண்ணுக்கு மேன்மேலும் புலப்பட்டன. அத்தகைய கண்ணைக் கேட்டுப் பெறுதலே நமக்கு முதற்பாடமாகுக.