எளிய பாடம் வேண்டாம் என்ற தலைமையாசிரியை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ராலி நகரில், 1858-ல் ஓர் அடிமைத் தாயின் மகளாகப் பிறந்தவர் அன்னா ஜூலியா கூப்பர். தாய் அடிமை என்பதால் பிறக்கும்போதே அவரும் அடிமை. 1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்ற மக்களுக்காகத் தொடங்கப்பட்ட புனித அகஸ்டின் பள்ளியில், 1868-ல் ஒன்பது வயதில் உதவித்தொகையுடன் சேர்ந்தார்.

அந்தப் பள்ளியில் கிரேக்க மொழி ஆண்களுக்கான பாடமாக இருந்தது. தனக்கும் அது வேண்டும் என்று கேட்டு வாங்கிப் படித்தார் அன்னா. 1877-ல் திருமணம் நடந்தது. இரண்டே ஆண்டில் கணவர் இறந்தார். மனம் தளராமல் 1881-ல் ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்கென எளிதான படிப்பு ஒன்று அங்கே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, ஆண்கள் படித்த கடினமான நான்காண்டுப் படிப்பை எடுத்து 1884-ல் பட்டம் பெற்றார்.

பிறகு தலைநகர் வாஷிங்டனில், கறுப்பின மாணவர்களுக்கான எம் ஸ்டிரீட் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். 1902-ல் அதன் தலைமையாசிரியை ஆனார்.

கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கல்வியே போதும் என்ற பேச்சு அப்போது வலுவாக இருந்தது. கூப்பர் கைத்தொழிலை இழிவாக நினைக்கவில்லை. ஆனால் பெரிய கல்லூரிகளில் நுழைய லத்தீன், கிரேக்கம், கணிதம் போன்ற பாடங்களில் தேற வேண்டும். பள்ளியிலேயே அவற்றைக் கற்றுத் தராவிட்டால், மாணவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் விண்ணப்பிக்கவே முடியாது. பாடத்தைக் குறைப்பது என்றால் கல்லூரிக் கதவைப் பள்ளியிலேயே பூட்டுவதுதான். இதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

எனவே கடினமான பாடங்களை விடாமல் நடத்தினார். அவருடைய மாணவர்கள் ஹார்வர்டு, பிரவுன் போன்ற புகழ்பெற்ற கல்லூரிகளில் இடம் பிடித்தனர்.

பாடத்திட்டத்தைத் தாழ்த்த வேண்டும் என்று மேலதிகாரி வற்புறுத்தியபோது கூப்பர் மறுத்தார். மேலிட உத்தரவை மதிக்கவில்லை, மாணவர்களைக் கட்டுப்படுத்தவில்லை என்று அவர்மீது புகார்கள் எழுந்தன. 1906-ல் பதவி பறிபோனது. மிசௌரி மாநிலத்துக்குப் போய் ஆசிரியராக வேலை பார்த்தார். 1910-ல் அதே எம் ஸ்டிரீட் பள்ளிக்குத் திரும்பினார். இம்முறை தலைமையாசிரியையாக அல்ல, லத்தீன் ஆசிரியையாக. தான் தலைமை வகித்த பள்ளியில் சாதாரண ஆசிரியராக நிற்க அவர் வெட்கப்படவில்லை.

உறவினரின் ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்தார். 1925-ல், 66-வது வயதில், பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தந்தது. அடிமைமுறை குறித்துப் பிரான்ஸ் கொண்டிருந்த நிலைப்பாடுதான் அவருடைய ஆய்வுப் பொருள். பகலில் கூலி வேலை பார்த்த கறுப்பின மக்கள் மாலையில் படிக்க உதவிய ஃபிரீலிங்ஹைசன் பல்கலைக்கழகத்துக்கும் பின்னாளில் தலைமை ஏற்றார். 1964-ல், 105 வயதில் மறைந்தார்.

அவருடைய பள்ளி 1916-ல் டன்பார் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் மாறியது. ரத்த வங்கி முறையின் முன்னோடி மருத்துவர் சார்லஸ் ட்ரூ அங்கே படித்தவர்தான்.

இந்தப் பாடம் உனக்கு வராது, எளிதானதை எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால், மாணவர்களே, உடனே தலையாட்டிவிடாதீர்கள். அந்தப் பாடத்தை விட்டால் நாளை எந்தக் கல்லூரியின் கதவு அடைபடும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடிமையாகப் பிறந்த ஒரு பெண், தன் வேலையை இழந்தும் விட்டுக்கொடுக்காதது அந்தக் கதவைத்தான்.